பாப்பம் என்று சொன்ன நகரம்

மண்டரின் தோடம்பழத் தோலிலிருந்து எண்ணெய் எடுக்கிற இயந்திரத்தை, பழம் நசியாமல் தோல் மட்டும் சுரண்டுபடும்படி மாற்றிக் கட்டினவன் நான். சிசிலியில், பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் பழைய மோட்டார் சைக்கிள்கள் குவிந்து கிடந்த ஒரு கொட்டிலை, வெளிநாட்டுக்காரர் வந்து பார்க்கிற பட்டறையாக்கினவன் நான். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அந்தப் பட்டறையை நிற்காமல் ஓட வைத்தவன் நான். பலெர்மோவில், யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குள் வெல்டிங் துப்பாக்கியைக் கையில் பிடித்த முதல் ஆளும் அனேகமாக நான்தான். எனக்கு முன்னம் யாராவது பிடித்திருந்தால் வந்து சொல்லட்டும், இருந்து கதைப்போம். இன்றைக்கு யப்பானில், கிட்டாகியூஷு என்கிற இரும்பு நகரத்தில், ஒரு சிசிலிக்காரரின் தொழிற்சாலை ஓடுகிறதென்றால் அதுவும் என்னால். இவ்வளவையும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தான் என்பதை எழுதாமல் விட்டால், எனக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டு இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறார், மற்றவர் சாப்பாடு செய்து கொடுக்கிற தொழில். இரண்டு பேருக்கும் யப்பானில் ஏதாவது தொடங்கலாமோ என்று ஒரு யோசனை.

"ஐயா, அந்த ஊரிலை அப்பிடி என்ன கிடக்கு? வெளிநாட்டுக்காரர் ஏன் அங்கை போய் முதல் போடினம்?"

"போனிலை தட்டினால் வருமே."

"அதிலை படம்தான் வருது. நீங்கள் அங்கை நிண்ட ஆள்."

இது சரியான பேச்சு. ஆகவே எழுதுகிறேன்.

என் தொடக்க காலத்தை இழுக்கத் தேவையில்லை. வந்ததும் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைத்தேன். கபோச் சந்தையில் மீன் பெட்டி தூக்கினேன். குளிர்காலங்களில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பிடுங்கினேன். அங்கேதான் சல்வோவைக் கண்டேன். தோட்டத்துக்குள் தன் இயந்திரத்தைக் கொண்டு வந்து வைத்துக்கொண்டு, அது ஓடாமல் நின்றதால் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கூடையை இறக்கிவிட்டு, எந்தப் பல்லுச் சில்லு இடிக்கிறது என்று விரலால் காட்டினேன். அடுத்த கிழமை பட்டறையில் நின்றேன். கனகலிங்கம் என்ற பெயர் அவர் வாய்க்குள் நுழையவில்லை. லிங்கம் லீனோ ஆனது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை.

சல்வோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஒரு வேலை பிழைத்திருந்தால் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, கோப்பியை மெதுவாக உறிஞ்சுவார். பிழையைப் பார்க்கமாட்டார், செய்தவனையும் பார்க்கமாட்டார். வெறுமனே இருப்பார். அந்தக் கோப்பி முடிகிறதுக்குள் செய்தவன் தானே வந்து கழற்றத் தொடங்கிவிடுவான். வேண்டாம் என்பதற்கு அவரிடம் சொல்லே கிடையாது. நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு 'ட்ச்'. அவ்வளவுதான். அந்த 'ட்ச்'சுக்கு மேல் பட்டறையில் மேல்முறையீடு இல்லை.

எண்ணெய் எடுக்கிற விதம் இதுதான். தோலைச் சுரண்டும்போது எண்ணெய் தூறலாகத் தெறிக்கும். அதன் மேல் தண்ணீர் விசிறினால் இரண்டும் சேர்ந்து பால் மாதிரி வழியும். அந்தப் பாலைச் சுழற்றினால் எண்ணெய் பிரிந்து மேலே வரும். எண்ணெய் போத்தலுக்குப் போகும், மிச்சத் தண்ணீர் தெருவோரக் கழிவுக் கானுக்குப் போகும். எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான். ஆனால் பிரான்காச்சோவில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வராத நாளில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். எனக்கு சும்மா இருந்து பழக்கமில்லை. பின்பக்கத்தில் மூன்று பழைய பீப்பாய்களைப் படி மாதிரி அடுக்கினேன். மேல் பீப்பாயில் பருத்தித் துணி, தோல் துகள் அதில் நிற்கும். நடுவில் சல்லியும் மணலும். கீழே கரி. ஊரில் என்றால் சிரட்டைக் கரி. இங்கே சிரட்டைக்கு எங்கே போவது? கபோவில் பாதாம் உடைத்து விற்கிறவரிடம் கோதை அள்ளிக்கொண்டு வந்து சுட்டுக் கரியாக்கினேன். கானுக்குப் போக வேண்டிய தண்ணீர் மூன்று பீப்பாயையும் கடந்து திரும்பவும் இயந்திரத்துக்கே வந்தது. நல்ல தண்ணீர்தான், கொஞ்சம் மண்டரின் மணக்கும்.

சல்வோ அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் தண்ணீர் இல்லாத நாளில் எங்கள் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டபோது சிரிப்பு நின்றது.

பிறகு கெட்ட காலம் வந்தது. இயந்திரம் கேட்டு ஒருவரும் வரவில்லை. அந்த நேரம் என்னோடு யோகன் வேலை செய்தான். வன்னியிலிருந்து வந்தவன், மனைவியும் மகளும் கிளிநொச்சியில். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் அவன் கையில் நிரந்தர வேலை இருக்க வேண்டும். வேலை போனால் அவனுடைய பெர்மெசோவே, இங்கே இருக்கிற அனுமதியே, ஆட்டம் காணும், பிறகு குடும்பம் எங்கே வருவது? "அண்ணை, கதவைப் பூட்டுவாரோ?" என்று காலையில் கேட்பான், மத்தியானமும் கேட்பான். நான் இருக்கும் வரைக்கும் பூட்டமாட்டார் என்று சொல்வேன். சொல்லிவிட்டேனே தவிர, சல்வோ எந்த இயந்திரத்துக்கும் பக்கத்தில் இல்லாமல் வாசலில் கதிரை போட்டு இருக்கத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் யப்பானிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிட்டாகியூஷு நகரத்துக்கு வெளிநாட்டுத் தொழில்களைக் கூட்டிக்கொண்டு வருகிற வேலை பார்க்கிற மொரித்தா என்பவர், அவரோடு ஹருக்கோ என்ற மொழிபெயர்ப்பாளர். ஹருக்கோ இத்தாலியில் படித்த பெண், எங்களைவிட நல்ல இத்தாலியன் கதைப்பாள். அவர்களுடைய பக்கத்தில் தோடை வகை நிறைய விளைகிறதாம். சாறு பிழிந்துவிட்டுத் தோலை எறிகிறார்களாம். எங்கள் இயந்திரத்தை ஏதோ கண்காட்சியில் கண்டிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அனுமதி குடுக்கிற பொலிஸ் கந்தோர், குவெஸ்தூரா வாசலில் விடியமுன்னம் போய் நின்று, எங்களை இருக்கவிடுங்கோ என்று கேட்டே வயது போன ஆட்கள் நாங்கள். இங்கே ஒரு நகரம் வெளிக்கிட்டு வந்து, எங்களிடம் வாருங்கோ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.

அவர்கள் வருகிற அன்று காலை சல்வோ பின்பக்கம் வந்தார்.

"லீனோ, உந்தப் பீப்பாயளை மூடு. பிச்சைக்காரன்ரை குசினி மாதிரிக் கிடக்கு."

எனக்கும் அது பிழையாகப் படவில்லை. எங்கள் வீடுகளிலும் பெண் பார்க்க ஆட்கள் வந்தால் ஓட்டை வாளியைத் தூக்கிப் பின்னால் ஒளிப்போம். நீலத் தறப்பாளை இழுத்து நன்றாகக் கட்டிவிட்டேன்.

மொரித்தா எல்லாவற்றையும் பார்த்தார். குனிந்து இயந்திரத்துக்குக் கீழேயும் பார்த்தார். கை எண்ணெயாகிவிட்டது, கழுவ வேண்டுமென்றார். குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. "தெருவிலை திருத்த வேலை நடக்குது" என்று சல்வோ சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஓடிப்போய்த் தறப்பாளுக்குக் கீழே வாளியை விட்டு ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன். மொரித்தா கழுவினார். கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அழைப்பு வந்தது. எங்கள் செலவில் பாதி அவர்களுடையது. சல்வோவும் நானும் போனோம். காட்டுவதற்கு முன்னமே அனுப்பின இயந்திரத்தைப் பொருத்த நான் வேண்டும். சல்வோ விமானத்தில் சொன்னார்: "இது சரி வராட்டில் பட்டறையைக் குடுத்திடுவன், லீனோ. எனக்கு ஏலாது." யோகனுக்கு இதை நான் சொல்லவில்லை.

கிட்டாகியூஷுவில் விமானம் கடலுக்குள் இறங்குகிறது. கடலை நிரப்பி அதன் மேல் கட்டின விமான நிலையம். இரவும் பகலும் சாமான் ஏற்றலாம், சத்தம் என்று முறையிட வீடுகள் இல்லை. அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. கூட்டத்தில் அவர்கள் எங்கள் முன் வைத்ததைக் கேளுங்கள். தொழிற்சாலைக்கு இடம். துறைமுகம் பக்கத்தில். கொரியாவும் சீனாவும் எட்டிப் பிடிக்கிற தூரம். தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கின ஊர், உலோகத்தைத் தொட்டே குற்றம் சொல்கிற ஆட்கள் தெருவுக்குத் தெரு. முதல் காலத்துக்கு இருந்து வேலை செய்ய அறை. விசாவுக்கு, வங்கிக்கு, கம்பனி பதிய, வீடு பிடிக்க, குப்பையை எந்தப் பையில் போடுவது என்று காட்டித்தர, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் கூடவே வருவார். பூமி நடுக்கம்கூட மற்ற இடங்களைவிடக் குறைவு என்றார்கள். நான் சல்வோவின் முழங்கையை இடித்தேன்.

சல்வோ சொன்ன ஒவ்வொரு வசனத்துக்கும் மொரித்தா "ஹாய், ஹாய்" என்றார். சல்வோ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். அது நாங்கள் கதை கேட்கும்போது போடுகிற 'ம்' என்று எனக்கு விளங்கியது.

கடைசியாக மொரித்தா ஒரு கேள்வி கேட்டார். பாவித்த தண்ணீர் எங்கே போகும்?

"கானுக்கு" என்றார் சல்வோ. "பழத் தண்ணிதானே. இயற்கையானது."

மொரித்தா தலையைச் சரித்து, பல்லுக்குள்ளால் காற்றை இழுத்தார். ஸ்ஸ்ஸ் என்று. பிறகு மெல்ல ஏதோ சொன்னார். "கவனமாக ஆராய்கிறோம் என்கிறார்" என்றாள் ஹருக்கோ.

எல்லாரும் எழும்பினார்கள், குனிந்தார்கள், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். அந்த வழியனுப்பல் எனக்குப் பழகினது.

மத்தியானச் சாப்பாடு சூடை மீன். எங்கள் பலெர்மோச் சூடைதான். ஆனால் அரிசித் தவிட்டில் ஊறின ஒரு கூட்டுப் போட்டு, முள்ளும் கரையும்வரை அவித்திருந்தார்கள். இப்படி ஒரு மீன் கறியை நான் எங்கேயும் தின்றதில்லை. சல்வோ இரண்டாம் தட்டும் கேட்டார்.

"விசயம் முடிஞ்சுது, லீனோ. ஆராயப்போயினமாம்."

"முடியேல்லை, சல்வோ. வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"நீ எப்ப யப்பான் பாசை படிச்சனீ?"

"படிக்கேல்லை. அது எங்கடை ஊர்ச் சொல். பாப்பம் எண்டு சொல்லுவம்."

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசப் போன வீட்டில் வேண்டாம் என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. தேத்தண்ணி தருவார்கள், வாழைப்பழம் தருவார்கள், படலை வரைக்கும் வந்து "பாப்பம்" என்பார்கள். என் அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போய் வீடு வீடாகப் 'பாப்பம்' வாங்கினவன் நான். அந்த மரியாதையை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். பாசை தேவையில்லை.

ஹருக்கோவிடமே கேட்டேன்.

"பிள்ளை, அவர் சொன்ன பாப்பம் வாற பாப்பமோ, போற பாப்பமோ?"

அவள் சூப்புக் கோப்பைக்குள் பார்த்தாள். "சிஞ்ஞோர் லீனோ, அதை மொழிபெயர்க்கிறது என்ரை வேலை இல்லை" என்றாள். உதட்டில் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். சல்வோ கையிலிருந்த குச்சிகளை வைத்துவிட்டார்.

சாப்பாடு முடிய, ஹருக்கோ என்னை மட்டும் ஒரு சின்னப் படகில் குடாவைக் கடந்து கூட்டிக்கொண்டு போனாள். மேலே பெரிய சிவப்புப் பாலம். கரையில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"அம்மா சின்னனா இருக்கேக்கை இந்தத் தண்ணியிலை ஒரு மீனும் இல்லையாம்" என்றாள். "தொழிற்சாலைக் கழிவு. கப்பலுக்கு அடியிலை சுத்துற காத்தாடியே அரிச்சுப்போகுமாம். கொடியிலை போட்ட வெள்ளை உடுப்பு கறுத்துப்போய்த்தான் திரும்பி வருமாம். பெண்கள்தான் முதல் கேட்டவை, எங்கடை வானத்தைத் திருப்பித் தாங்கோ எண்டு. பிறகு நகரமும் கம்பனியளும் சேர்ந்து எல்லாத்தையும் கழுவினது."

"அதாலைதான் தண்ணியைக் கேட்டவரோ?"

"வாற ஆக்களுக்கு இந்த ஊர் எல்லாம் குடுக்கும், சிஞ்ஞோர் லீனோ. இந்தத் தண்ணியை மட்டும் இன்னொருக்கால் குடுக்காது."

நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓர் ஊர் தன்னுடைய வெட்கத்தை மறைக்காமல், வந்த ஆளைப் படகில் ஏற்றிக் காட்டுகிறது. நாங்கள் எங்களுடைய நல்ல பொருளைத் தறப்பாள் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறோம்.

சல்வோவிடம் போனேன். "பீப்பாயளை இஞ்சை கட்டப்போறன்" என்றேன்.

நாடி மேலே போனது. 'ட்ச்'.

"யப்பானிலை வந்து பழைய பீப்பாயைக் காட்டுறதோ? என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள்."

"சிரிச்சால் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். லீனோ எண்டு ஒரு விசரன், எனக்குத் தெரியாமல் கட்டினவன் எண்டு சொல்லும். யோகனை ஒருக்கால் நினைச்சுப் பாரும், சல்வோ."

அவர் கதிரையில் இருந்தார். கோப்பி வந்தது. நான் அவருக்கு முன்னால் நின்றேன். கழற்றத் தொடங்கவில்லை. கோப்பி முடிந்தது. "கட்டு" என்றார். "ஆனா நான் அதுக்குப் பக்கத்திலை நிக்கமாட்டன்."

மறுநாள் நான் ஹருக்கோவை வைத்துக்கொண்டு மொரித்தாவிடம் சொன்னேன்: நாங்கள் தண்ணீரைக் கானுக்கு விடாமலும் ஓட்டுவோம், அதே தண்ணீரைத் திருப்பித் திருப்பிப் பாவிப்போம், பலெர்மோவில் அப்படித்தான் செய்கிறோம். மொரித்தா இந்த முறை காற்றை இழுக்கவில்லை. தன் இரண்டு கையையும் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"அந்த வாளித் தண்ணியோ?" என்று கேட்டார். "குழாயிலை தண்ணி இல்லை. ஆனா கொண்டு வந்த தண்ணியிலை மண்டரின் வாசம். எங்கையிருந்து வந்தது எண்டு இண்டைக்கு வரைக்கும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

இதைத்தான் அந்த ஊரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது. முதல் போட வருகிறவனின் கணக்கை எல்லா ஊரும் பார்க்கும். அவன் ஊற்றிய தண்ணீரின் மணத்தை ஞாபகம் வைத்திருக்கிற ஊர் ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

பரீட்சித்துப் பார்க்க ஒரு கொட்டகை தந்தார்கள். இரும்பாலையில் வேலை செய்து ஓய்ந்த, என் வயதுக்காரர் ஒருவரை உதவிக்கு விட்டார்கள். அவருக்கு என் பாசை தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. நான் எடுத்த பீப்பாயை விரலால் தட்டிக் கேட்டார், தலையை ஆட்டினார், போய்த் துருப்பிடிக்காத உருக்குப் பீப்பாய்களைக் கொண்டு வந்தார். என் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, ஒரே ஒரு இடத்தில் விரலை நிறுத்தினார். அந்த இடம் சரியில்லை என்று எனக்கும் தெரியும். திரும்ப ஒட்டினேன். பாதாம் கோதுக்கு வழியில்லை. ஊரைச் சுற்றின மலையெல்லாம் மூங்கில். மூங்கில் கரி கொண்டு வந்தார்கள். என்னுடைய பாதாம் கரியைவிட அது திறம், அதை நான் ஒளிக்கவில்லை. துணியையும் அவர்கள் என்னைப்போல் கசக்கிப் போடவில்லை, மடிப்பு விழாமல் இழுத்துக் கட்டினார்கள். நான் கண்டுபிடித்ததை அவர்கள் துலக்கினார்கள், அவ்வளவுதான்.

ஓட்டிக் காட்டுகிற நாள். காலையில் விட்ட தண்ணீர்தான் பின்னேரம் வரைக்கும் ஓடியது. தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், சோதித்தார்கள், திரும்பி வந்து இன்னும் எடுத்தார்கள். ஒருவரும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சல்வோ சொன்ன மாதிரியே தூரத்துச் சுவரோடு நின்றார். கடைசியில் மொரித்தா வந்து மூன்றாம் பீப்பாயின் குழாயைத் திறந்து கை கழுவினார். மணந்து பார்த்தார். ஒரு சொல் சொன்னார். அதில் காற்று இழுக்கிற சத்தம் இல்லை.

ஹருக்கோ என்னைப் பார்த்தாள், சல்வோவைப் பார்க்கவில்லை. "செய்வோம் என்கிறார்" என்றாள்.

யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, என்ன மாதிரி?"

"மனிசிக்குச் சொல்லு, பெட்டியைக் கட்டச் சொல்லி."

"பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றான். அவன் மகள் இப்போது பிரான்காச்சோவில் படிக்கிறாள். சிசிலிக்காரப் பிள்ளைகளைவிடக் கூடச் சிசிலியன் கதைக்கிறாள். பட்டறையை யோகன்தான் நடத்துகிறான். யப்பானுக்குப் போகிற இயந்திரங்களின் சுரண்டு பகுதி இன்னும் இங்கேதான் செய்யப்படுகிறது.

கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், போங்கள். சோறு ஒட்டும், கோடையில் வேர்த்து ஊற்றும், பாசை லேசில் வராது. ஆனால் அங்கே அலுவலகத்தில் என் பாஸ்போட்டைத் திருப்பித் தந்தவர் எழும்பி நின்று இரண்டு கையாலும் தந்தார். அந்த மரியாதை எனக்கு வேறு எந்தக் கவுண்டரிலும் கிடைத்ததில்லை. பெரிய நகரங்கள் நீங்கள் வந்ததைக் கவனியாது, இது கவனிக்கும். ஒன்று மட்டும், "ஆராய்கிறோம்" என்று சொன்னால் சந்தோசப்பட்டுச் சாப்பிடப் போகாதேயுங்கள். எந்த இடத்தில் நோகிறது என்று தேடுங்கள்.

இனி என்னுடைய விசயம்.

அந்தத் தொழிற்சாலை வாசலில் மூன்று பீப்பாயையும் அழகாக வைத்து, வருகிற வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. யப்பான் பாசையிலும் ஆங்கிலத்திலும் இத்தாலியனிலும் 'பலெர்மோத் தண்ணீர் முறை' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே படம். பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்ற சல்வோ, பீப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். யப்பான்காரரில் பிழையில்லை. அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் எழுதுவார்கள்.

சல்வோவிடம் கேட்டேன்.

"ஊரின்ரை பேர் கிடக்குத்தானே, லீனோ. அதுக்குள்ளை நீயும் இருக்கிறாய்."

"ஊர் கரி சுடேல்லை, சல்வோ. நான்தான் சுட்டனான். என்ரை பேரைப் போடும்."

அவர் கோப்பியை உறிஞ்சினார். "வெதியாமோ" என்றார். இத்தாலியனில் அதுதான் பாப்பம்.

சல்வோ, நீர் தமிழ் வாசிக்கமாட்டீர், யோகன் உமக்கு இதை வாசித்துச் சொல்லுவான். உம்மிடம் நான் கற்ற வித்தை ஒன்று இருக்கிறது. பிழைக்குப் பக்கத்தில் நானும் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன், கோப்பியும் கையில் இருக்கிறது. அந்தப் பலகையில் படத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் கிடக்கிறது, நான் பார்த்தேன். போட வேண்டிய பெயர் கனகலிங்கம். லீனோ அல்ல. முழுப் பெயர், மூன்று பாசையிலும். எனக்குப் பாப்பம் வேண்டாம், செய்வம் என்று சொல்லும்.